சாட்சிக்கு வராதவர்!

ஏற்காட்டு மலையிலே வெள்ளக்கடை என்றொரு சிற்றூர். பெயரைச் சொன்னால் சேலத்துக்காரரிலேயே பாதிப்பேர், "அது எந்தப் பக்கம்?" என்று கேட்பர். காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவே உழைத்து உருக்குலையும் மக்கள் வாழும் ஊர். அங்கே கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கியைக் கழற்றி, கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். தேநீர்க் கடை ஓரத்தில் ஒரு தோழர் வந்து நின்றார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். மலையாளி என்றதும் கேரளத்தாரோ என்று எண்ணிவிட வேண்டாம். சேர்வராயன் மலையின் சொந்தக்காரர்களுக்கு அதுதான் பெயர். கேட்டார்:

"ஏனுங்க அண்ணே, உக்ரைன் நாட்டுமேலே ருஷ்யாக்காரன் படையெடுத்தானே, அது தப்புன்னு உலகமே கை தூக்குச்சாமே, நம்ம டில்லி மட்டும் ஏனுங்க தூக்கலே?"

மேடையிலே முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான். எனக்கா விடை கிடைக்காது? நடுநிலைமை என்றேன். பழைய நட்பு என்றேன். அனைத்துலக அரசியல் சிக்கலானது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் தோழர். பிறகு சொன்னார்: "எங்க ஊர்லே ஒருத்தன் ராத்திரியிலே எல்லைக்கல்லைப் பிடுங்கி அடுத்தவன் காட்டுக்குள்ளே நட்டான்னு வையுங்க. பார்த்தவன் சாட்சி சொல்லணும். 'ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு ஒருத்தன் போனான்னா, அவன் யாருக்கு ஆளுங்க?"

எனக்குப் பேச்சு எழவில்லை, நண்பர்களே! பட்டா இல்லாத மண்ணிலே பாட்டன் காலந்தொட்டுப் பாடுபட்டு, பத்திர ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து நடந்து கால் தேய்ந்த மக்களின் வழக்கறிவு அது. பெரிய பெரிய தூதர்களின் பேச்சையெல்லாம் ஓர் எல்லைக்கல்லால் அளந்துவிட்டார். அந்தக் கல்லையே கையில் எடுத்துக்கொண்டு நாமும் அளந்து பார்ப்போம்.

நடந்தது இது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. மறுநாளே ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் கண்டனத் தீர்மானம் வந்தது. பதினைந்து நாடுகளில் பதினொன்று ஆதரித்தன. எதிர்த்தது ஒரே நாடு, ருஷ்யா! ஆனால் அந்த ஒரு கையிலே 'வீட்டோ' இருந்தது, தீர்மானம் செத்தது. குற்றவாளியே நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்து கொண்டு, தன் வழக்கைத் தானே தள்ளுபடி செய்துகொள்ளும் விந்தை நீதிமன்றம் அது! சீனாவும் இந்தியாவும் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் ஒதுங்கி நின்றன. பின்னர் வழக்கு பொதுச்சபைக்குப் போயிற்று. அங்கே வீட்டோ இல்லை. மார்ச் 2ஆம் நாள், 141 நாடுகள் கண்டித்தன. ஐந்து நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று உட்கார்ந்திருந்தன. ஆகவே, "டில்லி மட்டும்" என்று தோழர் சொன்னது சரியன்று. டில்லிக்குத் துணை இருந்தது. பாகிஸ்தானும் சீனாவும் இலங்கையும் அந்த 35க்குள்ளேதான்! எல்லையிலே துப்பாக்கி தூக்கும் பகைவர்கள் எல்லாம் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த அரிய காட்சி அது.

கை தூக்கிய சிறிய அண்டை நாடுகள் எவை? நேபாளம், பூடான், மாலத்தீவு. படை என்று பெயர் சொல்லப் பத்துப் பேர் வைத்திருப்பவர்கள் என்று பெரியவர்கள் நகைக்கக்கூடிய நாடுகள். இரண்டு யானைகளுக்கு இடையே குடிசை போட்டவனுக்குத் தெரியும், யானை வேலியை மிதித்தால் அது யாருடைய வேலியானாலும் கூச்சல் போடவேண்டும் என்று. சிங்கப்பூரும் அப்படியே. நம் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் வாழும் அந்தச் சின்னஞ்சிறு தீவு, கண்டித்ததோடு நிற்காமல் ருஷ்யாமீது பொருளாதாரத் தடையும் போட்டது. அமெரிக்காவின் வால் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1983இல் கிரெனடா என்ற குட்டித் தீவின்மீது அமெரிக்கா படை இறக்கியபோது, அதையும் எதிர்த்து வாக்களித்த நாடு அது. அடித்தவன் யார் என்று பார்க்கவில்லை. அடிபட்டவன் தன் அளவுக்காரன் என்று பார்த்தது.

டில்லி சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிடக் கூடாது. முதற்காரணம் நம் பிள்ளைகள். மருத்துவம் படிக்கப் போன ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் நிலவறைகளில் பதுங்கிக் கிடந்தார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். கார்கிவ் நகரில் கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டுக்குப் பலியானார். இரண்டு படைகளிடமும் வழி கேட்கவேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிக்கொண்டது புரிகிறது. பெற்ற வயிறு புரிந்துகொள்ளும். சரி! ஆனால் மார்ச் மாதத்திலேயே பிள்ளைகள் வீடு வந்துவிட்டார்களே? உக்ரைனின் நான்கு மாநிலங்களை ருஷ்யா தன் பெயருக்கு எழுதிக்கொண்டதைச் செல்லாது என்று பொதுச்சபை தீர்மானித்தது அதே ஆண்டு அக்டோபர் 12இல். 143 நாடுகள் ஆதரித்தன. அப்போதும் டில்லியின் கை எழவில்லையே, அது எந்தப் பிள்ளையைக் காப்பாற்ற?

அந்த அக்டோபர்த் தீர்மானந்தான் வெள்ளக்கடைத் தோழரின் வழக்குக்கு நேரான வழக்கு. கண்டனத்தால் டாங்கி நிற்குமா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. நிற்காது. அதற்காக அது வெறும் காகிதமும் ஆகாது. ஆக்கிரமித்தவன் மண்ணிலே நிற்கலாம், வேலி போடலாம், விளைச்சலை அறுக்கலாம். பட்டா அவன் பெயருக்கு மாறாதவரை அவன் ஆக்கிரமிப்பாளன்தான். ஊரார் சாட்சி இருக்கும்வரை பட்டா மாறாது. பன்னிரண்டு ஆண்டு எவரும் வாய் திறக்காவிட்டால் 'அனுபவ பாத்தியம்' என்று சட்டமே அவன் பக்கம் சாய்வதை மலையில் கண்டிருக்கிறோம். உலகத்துக்கும் அதுதான் நடைமுறை!

இதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாமே பட்டவர்கள்.

1962 அக்டோபர் 20. ஹிந்தி-சீனி பாய் பாய் என்று கட்டித் தழுவிய கையே கன்னத்தில் அறைந்த நாள். பஞ்சசீலம் என்று 1954இல் ஒப்பமிட்ட மை உலர்ந்து எட்டே ஆண்டு. லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் சீனப் படை இறங்கிற்று. குளிருக்குப் போதிய உடையின்றி, குண்டுக்குப் போதிய துப்பாக்கியின்றி நம் வீரர்கள் மடிந்தார்கள். பண்டித நேரு உலகத் தலைவர்களுக்கெல்லாம் மடல் எழுதினார். அந்த மடல்களுக்கு வந்த மறுமொழிகளில்தான், தோழர்களே, நாம் படிக்கவேண்டிய பாடம் இருக்கிறது.

யாருடைய உதவி வேண்டாம் என்று அணிசேராக் கொள்கை பேசினாரோ, அந்த அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்தில் ஆயுதம் அனுப்பின. அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த், மக்மகான் கோடே எல்லை என்று தம் நாடு ஏற்பதாக வெளிப்படையாக அறிவித்தார். மலேயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் சீனாவின் செயலைத் திட்டவட்டமாகக் கண்டித்து, இந்தியாவுக்கென ஜனநாயகப் பாதுகாப்பு நிதி திரட்டினார். தம் நாட்டிலே பெருந்தொகையாகச் சீனர் வாழ்கிறார்களே, வம்பு வருமே என்று அவர் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

ருஷ்யா? கியூபா நெருக்கடியில் சிக்கித் தவித்த அந்த அக்டோபரில், சீனம் வைத்த சமாதானத் திட்டத்துக்கு ஆதரவாக அக்டோபர் 25இல் 'பிராவ்தா' எழுதிற்று. அடுத்த மாதம் குரல் தாழ்ந்து நடுநிலைக்கு வந்தது. அந்த முதல் வாரத்தில் டில்லியின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்!

இனி நண்பர்களைப் பாருங்கள். அணிசேரா நாடுகள்! பாண்டுங்கில் தோளோடு தோள் நின்றவர்கள்! 1962 டிசம்பர் 10ஆம் நாள் கொழும்பிலே ஆறு நாடுகள் கூடின. இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா. அம்மையார் சிறிமாவோ பண்டாரநாயகா தலைமை. மூன்று நாள் பேசினார்கள். படையெடுத்தவன் சீனன் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், அந்த அறையிலிருந்து வெளியே வரவில்லை. எகிப்து ஓரளவு நம் பக்கம் பேசிற்று. செப்டம்பர் 8இல் இருந்த இடத்துக்கே இருவரும் திரும்புக என்று நாசர் முன்பே சொன்னார், டில்லி ஏற்றது, பீகிங் ஏற்கவில்லை. கானாவின் நுக்ருமாவோ, இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்புவது குறித்துப் பிரிட்டனிடமே வருத்தம் தெரிவித்தார். வீடு எரிகிறவனுக்குக் குடம் கொடுத்தவனைப் பார்த்து, "தண்ணீர் ஊற்றினால் புகை அதிகமாகும்" என்றது போல!

கொழும்புத் திட்டம் கடைசியில் என்னவாயிற்று? மேற்குப் பகுதியில் சீனப் படை 20 கிலோமீட்டர் பின்வாங்குக என்றது. டில்லி ஏற்றது. சீனம் கொள்கை அளவில் ஏற்பதாகச் சொல்லிக் காலத்தைக் கடத்திற்று. அக்சாய் சின், 38,000 சதுர கிலோமீட்டர், அவன் கையிலேயே இருக்கிறது. அவனுக்குப் பட்டா இல்லை. ஆனாலும் வேலி போட்டுவிட்டான்.

அந்த நாட்களில் நாம் எங்கே நின்றோம் என்பதையும் சொல்லவேண்டும். டில்லியோடு நமக்குத்தான் உண்மையான வழக்கு இருந்தது. திராவிட நாடு கேட்டவர்கள் நாம். விலைவாசிப் போராட்டத்துக்காக அறிஞர் அண்ணா வேலூர்ச் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் என்ன செய்தார்? "டில்லிதானே அடி வாங்குகிறது" என்று திண்ணையில் உட்கார்ந்தாரா? இல்லை! படையெடுத்தவனைக் கண்டித்தார், போர் முயற்சிக்குக் கழகத்தின் ஆதரவை அறிவித்தார், வளர்த்த கோரிக்கையை ஒதுக்கி வைத்தார். 1963இல் கழகம் அதை முறையாகவே கைவிட்டது. கொழும்பில் கூடியவர்களுக்கு டில்லிமீது வழக்கு ஏதுமில்லை. அவர்கள் தராசு தூக்கினார்கள். வழக்கு இருந்த நாம் சாட்சி சொன்னோம்.

இதை எழுதும்போது ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. எல்லையில் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்த அதே அக்டோபர் இறுதியில், ஐ.நா.விலே மக்கள் சீனத்துக்கு இடம் தரவேண்டும் என்ற தீர்மானத்துக்கு டில்லி கை தூக்கிற்று! கொள்கைப் பிடிப்பு என்பார்கள். கொள்கை எது என்பதுதான் கேள்வி. சூயஸ் கால்வாயை எகிப்து நாட்டுடைமையாக்கியதற்காக 1956 அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் பாய்ந்தபோது, இதே டில்லி சிங்கமெனச் சீறிற்று. நவம்பர் 2இல் 64 நாடுகள் போர் நிறுத்தம் கோரின. அவற்றுள் நாமும் ஒருவர். நான்கே நாளில் பிரிட்டன் துப்பாக்கியைத் தாழ்த்திற்று; டிசம்பருக்குள் மூட்டை கட்டிற்று; ஈடன் பிரதமர் நாற்காலியை இழந்தார். கண்டனம் வென்ற வரலாறு அது. தனியே வெல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். பவுனின் மதிப்பு சரிந்தது, ஐசன்ஹோவர் கடன் பெட்டியைப் பூட்டினார். கடனுக்குக் கை நீட்டுபவனிடம் பூட்டு வேலை செய்தது. எண்ணெய்க் கிணற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் ருஷ்யாவிடம் பூட்டு அவ்வளவு விரைவில் பலிக்கவில்லை. அதன் வெளிநாட்டு இருப்பில் ஏறத்தாழ 30,000 கோடி டாலரை மேலை நாடுகள் முடக்கியும் பீரங்கி ஓயவில்லை.

ஆனால் சூயஸ் எரிந்த அதே வாரத்தில் ஹங்கேரியும் எரிந்தது. நவம்பர் 4இல் புடாபெஸ்டுக்குள் ருஷ்ய டாங்கிகள். அன்றைய கண்டனத் தீர்மானத்தில் டில்லி ஒதுங்கி நின்றது. 1968இல் பிராக் நகரம். பாதுகாப்பு மன்றத்தில் இருந்தும் ஒதுங்கிற்று. அதைத் தாங்காமல் அசோக் மேத்தா மந்திரி பதவியை விட்டு விலகினார். 1980இல் ஆப்கானிஸ்தான், 104 நாடுகள் கை தூக்கின, டில்லி ஒதுங்கிற்று. ஆக 2022 புதிதன்று. தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து.

நன்றிக்கடன் என்பார்கள். அதிலே உண்மை உண்டு. 1971 டிசம்பரில் வங்கப் போரின்போது, படையை விலக்குக என்று 104 நாடுகள் நமக்கு எதிராக வாக்களித்தன. பாதுகாப்பு மன்றத்தில் ருஷ்யாவின் வீட்டோதான் நம்மைக் காத்தது. நெய்வேலி அனல் மின்நிலையத்துக்கு உதவியவன் அவன். கூடங்குளத்து உலை அவன் தந்தது. மறக்கவில்லை! ஆனால் கடன்பட்டவன் வட்டி கட்டலாம், நெல் அளக்கலாம். கடன் கொடுத்தவன் அடுத்தவன் காட்டில் கல் நட்டதைக் காணவில்லை என்று சத்தியம் செய்யவேண்டுமா? நண்பனிடம் முகத்துக்கு நேரே சொல்லலாமே. 2022 செப்டம்பரில் சமர்கந்தில் பிரதமர் மோடி புட்டினிடம், இது போருக்கான காலம் அன்று என்று சொன்னாரே, சொன்னதும் வானம் இடிந்து விழவில்லையே! 2024 ஆகஸ்டில் கீவ் நகருக்கே போய் ஜெலன்ஸ்கியின் தோளையும் தழுவினார். தழுவிய தோளுக்கு ஒரு வாக்கு இல்லை.

ஆதரவு தருகிறவர்களும் தர்மப்பிரபுக்கள் அல்லர். 1962 நவம்பரில் ஆயுதத்தோடு கூடவே அமெரிக்காவின் ஹாரிமனும் பிரிட்டனின் சாண்டிசும் டில்லிக்கு வந்து, காஷ்மீர் பற்றிப் பாகிஸ்தானோடு பேசுக என்று நெருக்கினார்கள். ஸ்வரண் சிங்கும் பூட்டோவும் ஆறு சுற்றுப் பேசி வெறுங்கையோடு பிரிந்தார்கள். உக்ரைனுக்கு அதைவிடக் கொடுமை. 1994இல் அணுகுண்டுகளைக் கையளித்தால் எல்லைக்கு மதிப்பளிப்போம் என்று ருஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் புடாபெஸ்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்திட்ட ஒருவன் படையெடுத்தான். இன்னொருவன், ஆயுதம் கொடுத்ததற்கு ஈடாக மண்ணுக்கடியில் இருக்கும் கனிமத்தில் பங்கு கேட்டு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டான். சேர்வராயன் மலைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலடியில் பாக்சைட் இருப்பது தெரிந்த நாளிலிருந்து, மலைக்கு வந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்களா, மண்ணைப் பார்த்தார்களா? மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாய் இறங்கிய மலையை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

சாட்சிகளின் நினைவும் தேயும். 2025 பிப்ரவரி 24, படையெடுப்பின் மூன்றாம் ஆண்டு நிறைவு. பொதுச்சபையில் மறுபடி வாக்கெடுப்பு. 141 எங்கே? 93 ஆயிற்று! 18 எதிர்ப்பு, 65 ஒதுங்கல். எதிர்த்த 18இல் ருஷ்யாவின் பக்கத்தில் அமெரிக்கா உட்கார்ந்திருந்தது! மூன்றாண்டு முன் ஊரைக் கூட்டிச் சாட்சி திரட்டியவன், ஆட்சி மாறியதும் எதிர்க்கட்சி வக்கீல் ஆனான். வல்லவனை நம்பிச் சாட்சி வைத்தால் வழக்கு இப்படித்தான் ஆகும். ஆகையால்தான் நடுத்தர நாடுகளின் கை வேண்டும் என்கிறோம். 140 கோடி மக்களின் கை அந்த அவையில் தொடையின் மேலேயே இருந்தது.

ஒதுங்குவதற்கு விலை இல்லை என்று எண்ணினார்கள். 2022க்குப் பிறகு மலிவு விலையில் ருஷ்ய எண்ணெய் வந்து குவிந்தது. அந்த லாபம் எந்தெந்தப் பைக்குப் போயிற்று என்பதை இன்னொரு நாள் எழுதுவோம். சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸின் டிக்கெட்டில் அது தெரியவில்லை. விலை மட்டும் தெரிந்தது. ருஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்மீதான வரியை 50 விழுக்காடாக்கியபோது, அடி விழுந்தது யார் முதுகில்? திருப்பூரில் பனியன் தைக்கும் தொழிலாளியின் முதுகில்! அடித்ததும் நியாயத்தின் பெயரால் அன்று. ஆறு மாதம் முன்பு அதே அமெரிக்காதான் ருஷ்யாவோடு சேர்ந்து வாக்களித்தது.

இந்த வாக்கு எண்ணிக்கையெல்லாம் தமிழனுக்கு எதற்கு என்பார்க்கு ஒன்று சொல்வேன். நாமும் எண்ணியிருக்கிறோம்! முள்ளிவாய்க்காலில் ரத்தம் காயுமுன், 2009 மே 27இல் ஜெனீவா மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்கில் நிறைவேறியது; அந்த 29இல் டில்லி ஒன்று. அன்று நாமும் அந்த ஆட்சியில் பங்காளிகள். அந்த முள் இன்னும் குத்துகிறது, மறைக்கப் போவதில்லை. 2012இல் டில்லி கை தூக்கிற்று. தமிழகம் பெருமூச்சு விட்டது. 2013 மார்ச்சில், தீர்மானம் வலுவிழக்கக் கண்டு கழகம் மத்திய ஆட்சியை விட்டு வெளியேறியது. 2014இல் ஒதுங்கல். 2021இல் ஒதுங்கல். இலங்கை வழக்கும் உக்ரைன் வழக்கும் ஒன்றல்ல, அறிவேன். அது ஒரு நாட்டுக்குள் நடந்த கொலை, இது நாட்டெல்லையைத் தாண்டிய கொலை. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிமுன் அமர்ந்து, எந்த நாட்டின் கை எழுகிறது என்று விரல் விட்டு எண்ணும் தாயின் கண் ஒன்றுதான். கீவில் ஒரு தாய் அப்படி எண்ணியபோது, நம் பெயரை எந்தப் பத்தியில் கண்டிருப்பாள்?

நாடாளுமன்றத்தால் ஆகாத காரியமல்ல. 2003 ஏப்ரலில், அமெரிக்கா இராக்கின்மீது பாய்ந்தபோது, மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 'கண்டிக்கிறோம்' என்று போடுக என்றது எதிர்க்கட்சி. 'வருந்துகிறோம்' என்பதற்குமேல் போகாது அரசு. கடைசியில் எப்படித் தீர்ந்தது தெரியுமா? இந்தியில் 'நிந்தா' என்று போட்டார்கள்! வேண்டியவர் கண்டனம் என்று படித்துக்கொள்ளலாம், வேண்டாதவர் வருத்தம் என்று படித்துக்கொள்ளலாம். இந்தி எதற்கு உதவும் என்று நம்மைக் கேட்பவர்களுக்கு இதோ ஓர் உதவி! கேலி இருக்கட்டும். அந்தத் தீர்மானத்துக்குப் பயன் இருந்தது. இராக்குக்கு நம் படையை அனுப்புக என்று அமெரிக்கா கேட்டபோது, ஜூலையில் டில்லி மறுத்தது. பேசிவிட்ட வாய் பின்னால் காலைக் கட்டிப்போட்டது.

உக்ரைன் பற்றி 2022 ஏப்ரலில் மக்களவை விவாதித்தது. பேசினார்கள், அமைச்சர் மறுமொழி கூறினார், கலைந்தார்கள். தீர்மானம் இல்லை. தமிழகத்து உறுப்பினர்கள் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாட்டின் பெயரால் ஐ.நா.வில் ஒதுங்கும் ஒவ்வொரு முறையும், ஏன் ஒதுங்கினோம் என்று அமைச்சர் அவையில் எழுத்தால் சொல்லட்டும். படையெடுத்துப் பிடித்த மண்ணுக்கு இந்தியா பட்டா தராது என்று, ருஷ்யாவானாலும் அமெரிக்காவானாலும் இஸ்ரேலானாலும் சீனாவானாலும் ஒரே அளவுகோலில், ஒரு வரித் தீர்மானம் வரட்டும். எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வரட்டும். தமிழில் எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

வெள்ளக்கடைத் தோழரிடம் அன்று கொழும்புக் கதையை நின்றவாக்கிலேயே சொன்னேன். ஆறு நாடு கூடியதையும் ஒருவரும் சீனாவைக் குற்றவாளி என்று சொல்லாததையும் கேட்டவர், ஆறி அவிந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நம்ம ஆளுக செத்துக்கிட்டு இருந்தாங்களாங்க?" என்றார். "ஆமாம்" என்றேன். "அவங்க பேரையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டார். செத்தவர் பெயரைக் கேட்கிறார் என்று எண்ணி விளக்கப் போனேன். தோழர் தலையை ஆட்டினார். அவர் கேட்டது அந்த ஆறு பேரை.